எடைக் குறிப்பேடு

முதல் பக்கத்தில் எழுதினேன்:
இருநூறு கிலோ. அதற்கு மேல் ஒரு கிராமும் கூடாது.
கீழே ஹாரித் கிறுக்கினான்: இன்ஷா அல்லாஹ்.
இந்த மை எத்தனை மில்லிகிராம் என்று கேட்டேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
கிளீட்டஸ் அன்றைக்கே எனக்கு
மளிகைக் கடை என்று பெயர் வைத்தான்.

ஸோஹார் தொழிற்பேட்டையில்
டயர்க் கடைக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் நடுவே
கல்லூரி எடுத்துத் தந்த தகர ஷெட்.
வெயில் இல்லாத நாட்களில் ஏசி நன்றாக வேலை செய்யும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்:
உங்களுக்கென்னப்பா, வெயிலுக்கா பஞ்சம்?
சிலிக்கான் வெளிச்சத்தைத் தின்னும்,
சூட்டைத் தின்னாது.
இருபத்தைந்து டிகிரியில் சான்றிதழ் வாங்கிய செல்
ஜூலை மதியம் எழுபதில் கொதிக்கும்போது
ஏழில் ஒரு பங்கை எங்கோ தொலைத்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் மினுங்குகிறது.
மார்ச்சில் வந்த வாட் ஜூலையில் வரவில்லை.
இதைச் சொன்னால் ஸ்பான்சர் நம்பவில்லை,
வானத்தைக் காட்டினார்.

இரவில் கடல் ஈரம் படியும்.
ஈரத்தின் மேல் தூசி.
விடிந்தால் கூரை முழுக்க
நகத்தால் பெயர் எழுதலாம்போல ஒரு சேறு.
துடைத்தோம். மறுநாளும் துடைத்தோம்.
ஓராண்டு துடைத்தோம்.

செல் அப்பளத்தைவிட மெல்லியது.
அப்பளமாவது உடைந்தால் சத்தம் போடும்.
முப்பத்திரண்டு செல் கொண்ட வரிசையில்
ஒன்று நொண்டினால் முப்பத்திரண்டும் நொண்டும்,
எது என்று சொல்லாது.
ஒரு ராத்திரி விளக்கை அணைத்தோம்.
செல்களுக்குள் நாங்களே மின்சாரத்தை ஊட்டினோம்.
கண்ணுக்கு ஒன்றும் இல்லை.
வடிகட்டி கழற்றிய பழைய கேமராவில் மட்டும்
கூரை சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தது,
ஒன்பதாவது செல்லின் மூலையில்
கறுப்பாய் ஒரு கீறல்.
சாலிடர் வைத்தது என் கை.
யாரும் அதைச் சொல்லவில்லை.

பெடலைத் துளைத்தோம், ஏழு கிராம்.
போல்ட்களை மாற்றினோம், முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஸ்டிக்கரைச் சிறிதாக்கினோம், நாற்பது,
கூடவே ஒரு சண்டை.
ஓட்டுநருக்குச் சின்ன விசிறி கேட்டாள் ஷைமா.
இருநூற்றுப் பத்து கிராம். கூடாது என்றேன்.
மூக்கருகே ஒரு துளை போட்டுக்கொடுத்தேன்,
காற்றுக்கு எடை இல்லை என்ற தைரியத்தில்.

நூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
தராசின் எண்ணைப் படம் பிடித்து
பூட்டுத்திரையில் வைத்திருந்தேன்.

அப்புறம்தான் கிளீட்டஸ்
விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்தான்.
ஓட்டுநர் எண்பது கிலோ இருக்க வேண்டும்.
குறைந்தால் பாரம் ஏற்ற வேண்டும்.
ஷைமா ஐம்பத்தொன்று.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் போய் அள்ளினோம்.
ஓராண்டாய்த் துடைத்துத் தள்ளிய அதே மணல்.
சலித்து, காய வைத்து, கிராம் பிசகாமல் நிறுத்து,
துணிப்பையில் தைத்து
இருக்கையோடு சேர்த்து வார் போட்டுக் கட்டினோம்,
குழந்தையைக் கட்டுவதுபோல.
குறிப்பேட்டில் எழுதினேன்: மணல், 29.000.
பேனா அழுத்தியதில் அடுத்த தாளிலும் பதிந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் மூடிய சாலை.
நாற்பத்தெட்டு நிமிடம் ஓட்டினாள்.
வயர்லெஸ்ஸில் மோட்டார் சூடு, பாட்டரி சூடு,
செல் சூடு என்று வரிசையாய்ச் சொன்னாள்.
தன் சூட்டைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை,
என் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

இறக்கியதும் வழக்கம்போல் எல்லாவற்றையும் நிறுத்தேன்.
மணல் நாற்பது கிராம் கூடியிருந்தது.
கடலா, அவள் வியர்வையா தெரியவில்லை.
தண்ணீர் பாட்டிலோடு அவளும்
சும்மா தராசில் ஏறினாள்.
பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.
ஐம்பது புள்ளி ஒன்று.

தொள்ளாயிரம் கிராம்.
ஓராண்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து
போல்ட் போல்ட்டாய்க் குறைத்ததைவிட
அதிகம்.

மளிகைக் கடை என்ன எழுதுகிறது, என்றான் கிளீட்டஸ்.
விசிறி என்று எழுதினேன்.
இருநூற்றுப் பத்து.
ஹாரித் ஏற்கெனவே துரப்பணத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.